எந்தத் தெரு எந்தப் பின்கோடு? அஞ்சல் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய அஞ்சல் துறையின் தமிழ்நாடு வட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

ஓர் ஊரின் மேற்குத் தெருவுக்கு எந்தப் பின்கோடு என்று, அந்தத் தெருவுக்குத் தபால் கொடுக்கும் அலுவலகத்திலேயே போய்க் கேட்டேன். "அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்ல முடியாது சார், மேலே எழுதிக் கேளுங்க" என்றார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லி மாட்டிக்கொள்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்திருப்பார். ஆனால் இதே பதிலை வேறு வேறு ஊர்களில் என் நண்பர்களும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதனால் கவுன்டரில் நின்று வாதாடுவதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் தகவல் சேர்க்கும் தன்னார்வலர்களில் ஒருவன். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் இது. யாரும் இதில் சேர்க்கலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. 2015 வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக் காட்டிய வரைபடம் இதன் மேல்தான் எழுந்தது. இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு உண்டு: அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. கூகுளில் ஒரு தெருவைத் தட்டினால் பின்கோடு வருகிறது என்பதற்காக அதை அப்படியே எடுத்து எங்கள் வரைபடத்தில் போட முடியாது. நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் பயன்படுத்த அனுமதி உள்ள பொதுத் தரவிலிருந்து எடுக்க வேண்டும்.

நேரில் போய்ப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் பெயர்ப் பலகை பார்ப்பதுதான். கடை, பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி, ஆரம்ப சுகாதார நிலையம், அரிசி ஆலை என்று நம் ஊரில் பலகை இல்லாத இடம் குறைவு. அவற்றில் பாதிக்குமேல் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கம் இருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, எந்த இடத்தில் எந்த எண் என்று வரைபடத்தில் ஏற்றுவோம். கல்யாணப் பத்திரிகைகூட உதவும். பெண் வீடு, மாப்பிள்ளை வீட்டு முகவரிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மண்டபத்தின் முகவரியைத்தான் நம்பக் கூடாது.

இந்த வேலையின் சிக்கல் இரண்டாவது பலகையில் ஆரம்பிக்கிறது. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு கடைகள், இரண்டு பின்கோடுகள். ஒருவர் தன் ஊருக்குத் தபால் வரும் சப் ஆபீசின் எண்ணைப் போட்டிருப்பார். இன்னொருவர் பக்கத்து டவுனின் எண்ணைப் போட்டிருப்பார், அது எல்லோருக்கும் தெரிந்த எண் என்பதால். மூன்றாவது பலகையில் பிளக்ஸ் அடித்த பையன் முந்தைய ஆர்டரின் கடைசி வரியை மாற்ற மறந்திருப்பான். மூன்றில் எது சரி என்று தீர்த்துச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் உங்கள் ஊழியர்.

தபால்காரர்களும் கிளை அஞ்சலகத்து ஜி.டி.எஸ். (கிராமிய டாக் சேவக்) ஊழியர்களும் எங்களுக்கு நிறையவே உதவியிருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட முடியாது. சைக்கிளை நிறுத்திவிட்டு, "இந்த வாய்க்கால் வரைக்கும் நம்ம பீட்டு, அதுக்கு அந்தப் பக்கம் பெரியவர் பாக்கறாரு, அது வேற பின்கோடு" என்று கை நீட்டிக் காட்டியவர்கள் உண்டு. பீட் என்றால் ஒரு தபால்காரர் தபால் கொடுக்கும் பகுதி. எந்த வரைபடத்திலும் இல்லாத எல்லை அது. சில வருவாய்க் கிராமங்களில் ஊர் ஒரு அஞ்சலகத்திலும் அதன் குடியிருப்பு இன்னொரு அஞ்சலகத்திலும் இருப்பதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் இப்படி வாங்கும் தகவல் அவர்களுடைய நல்ல மனசைப் பொறுத்தது. அவர் ஓய்வு பெற்றால் தகவலும் அவரோடு போய்விடும். அலுவலகத்துக்குள் போய் அதிகாரபூர்வமாகக் கேட்டாலோ, மேலே சொன்ன பதில்.

பின்கோடு எதற்காக வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே பெயரில் நாலு ஊர், ஆளுக்கொரு மொழியில் முகவரி, கடிதம் போய்ச் சேராமல் சுற்றியது. இதற்கு முடிவு கட்டத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது துணை மண்டலம், மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கடிதம் பிரிக்க அருமையான ஏற்பாடு. கலெக்டர் ஆபீசின் மாவட்டத்துக்கும் இதற்கும் ஆதியிலிருந்தே சம்பந்தம் கிடையாது.

ஆனால் சம்பந்தம் உண்டு என்று நினைத்துக்கொண்டு இன்று எல்லோரும் இதன் மேல் கட்டடம் எழுப்புகிறார்கள். ஆன்லைன் படிவத்தில் பின்கோடு அடித்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பிவிடுகின்றன, மாற்றப் பார்த்தால் சில படிவங்கள் விடுவதில்லை. தாம்பரம் 600045, ஆவடி 600054. 600 என்றாலே சென்னை என்று வைத்துக்கொள்ளும் படிவம் தாம்பரத்துக்காரரைச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தும் ஆவடிக்காரரைத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அங்கேயாவது மாநிலம் மாறுவதில்லை.

நான் சுற்றும் திண்டிவனம், வானூர், புதுச்சேரிப் பக்கத்தில் மாநிலமே மாறிவிடுகிறது. 605001 புதுச்சேரி நகரம். 605602 விழுப்புரம் நகரம். 605109 வானூர், தமிழ்நாடு. அடுத்த எண்ணான 605110 வில்லியனூர், புதுச்சேரி. ஆரோவில்லின் 605101 தமிழ்நாட்டுப் பக்கம். தெற்கே வந்தால் பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது, எண்ணோ 607402, கடலூரின் வரிசை. மயிலாடுதுறையும் காரைக்காலும் 609-ஐப் பங்கு போட்டுக்கொள்கின்றன. புதுச்சேரியின் மற்ற இரண்டு பகுதிகளில் மாஹே கேரளத்து வரிசையில் 673310, ஏனாம் ஆந்திரத்து வரிசையில் 533464. கடிதம் பிரிப்பவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை, வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்த எண், அவ்வளவுதான். ஆனால் இங்கே பின்கோடை மட்டும் வைத்து ஒருவர் எந்த அரசாங்கத்தின்கீழ் இருக்கிறார் என்று முடிவு செய்தால் தப்பாகத்தான் வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இதன் விலையைப் பார்த்தோம். மயிலம், திண்டிவனம் சுற்றுவட்டாரமெல்லாம் தண்ணீர். உதவி கேட்டவர்களின் விவரங்களை ஒரு தன்னார்வக் குழு ஆன்லைன் படிவத்தில் வாங்கியது. வாங்கிய பட்டியலைப் பின்கோடு பார்த்துப் பிரித்தார்கள். வானூர்ப் பக்கத்து ஊர்கள் புதுச்சேரிப் பட்டியலுக்குப் போயின, பாகூர்ப் பக்கத்து ஊர்கள் கடலூர்ப் பட்டியலுக்குப் போயின. பால் பவுடரும் போர்வையும் ஏற்றிய வண்டி எங்கே போக வேண்டும் என்று அந்த மழையில் போன் போட்டுக் கேட்டுத் திருத்த வேண்டியிருந்தது. படிவம் செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஊர், எந்தப் பின்கோடு, எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று நம்பி எடுக்கக்கூடிய ஒரு பட்டியல் அவர்கள் கையில் இருந்திருந்தால் அதைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள்.

"பட்டியல்தான் பொதுவில் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைக்குப் பிறகு மத்திய அரசின் பொதுத் தரவுத் தளத்தில் அகில இந்தியப் பின்கோடு பட்டியலை உங்கள் துறை ஏற்றியது. நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களும் 19,000-க்கும் மேற்பட்ட பின்கோடுகளும் இருக்கும்போது அது சின்ன வேலை இல்லை. 2017-இல் அரசு வெளியிட்ட திறந்த தரவு உரிமமும் நல்ல முன்னேற்றம். 2025-இல் பின்கோடு எல்லைகளையே வரைந்து அதே தளத்தில் போட்டீர்கள். நாங்கள் எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. சந்தோஷப்பட்டோம்.

சரி, அந்தத் தரவைத் திறந்து பார்த்தால்? அஞ்சலகப் பட்டியலில் இருப்பது அஞ்சலகத்தின் பெயர். அது தபால் கொடுக்கும் குடியிருப்புகளின் பெயர் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் இருக்கின்றன, ஆனால் பல வரிகளில் அங்கே "என்.ஏ.", அதாவது தகவல் இல்லை, என்றுதான் இருக்கிறது. ஊர்வாரியான பட்டியல் ஒன்று 2017 மார்ச் தேதியிட்டு வந்தது. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் 2020-இல் மயிலாடுதுறை மாவட்டமும் பிறந்துவிட்டன. அந்தப் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? ஆனாலும் இணையத்தில் பின்கோடு தேடித் தரும் தளங்களில் சுற்றிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட பழைய பிரதிகள்தான்.

அப்புறம் ஊர்ப் பெயர்கள். எல்லாமே ஆங்கில எழுத்தில். தமிழ்நாட்டில் குப்பம், பாக்கம், பட்டு என்று முடியும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும்போது பக்கத்துப் பக்கத்துத் தாலுகாவில் உள்ள இரண்டு ஊர்களில் எது இது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒவ்வொரு கிளை அஞ்சலகத்தின் வாசலிலும் தமிழில் பெயர் எழுதி மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெயர் பட்டியலில் ஒரு பத்தியாக ஏறுவதற்கு என்ன தடை?

எல்லைக் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடு வரைவது அலுவலகத்தில் முடிந்துவிடும், அது சரியா என்பது தெருவில்தான் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் பார்க்கிறார் என்பது பீட் மாறினால் மாறும், புது நகர் ஒன்று எழும்பினால் மாறும். உங்கள் பின்கோடு தேடும் செயலியில் கருத்து சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறீர்கள், நல்லது. சொன்ன கருத்தில் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, எந்தக் கோடு எந்தத் தேதியில் மாறியது என்று எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் ஒரு தெருவின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் எந்தக் கணக்கிலிருந்து, எப்போது, என்ன மாறியது என்பது பதிவாகி அங்கேயே நிற்கும். யாரும் பார்க்கலாம், தப்பென்றால் யாரும் திருப்பலாம். சம்பளம் வாங்காதவர்கள் நடத்தும் வரைபடத்தில் இது முடிகிறது.

இதற்கிடையில் டிஜிபின் வந்தது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தோடும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து, நாடு முழுவதையும் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பத்தெழுத்துக் குறியீடு கொடுத்திருக்கிறீர்கள். 2025 மே 27 அன்று அதை வெளியிட்டபோது அதன் நிரலையும் திறந்து வைத்தீர்கள், அதற்காக உண்மையிலேயே பாராட்டுகிறேன். ஆம்புலன்சுக்கு வழி சொல்ல உதவும். ஆனால் அது ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். எந்த அஞ்சலகம் அந்த இடத்துக்குத் தபால் கொடுக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பின்கோடுக்குப் பதிலாக அது வரவில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வங்கி, ஆதார், கல்லூரி விண்ணப்பம், கூரியர் எல்லாமே இன்றும் ஆறு இலக்கத்தைத்தான் கேட்கின்றன. புதியதன்மேல் காட்டும் கவனத்தில் ஒரு பங்கு பழையதற்கும் வேண்டும்.

இனி மறுப்பாகச் சொல்லக்கூடிய காரணங்கள். தனிநபர் விவரம் என்பீர்களா? எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு எத்தனை மணியார்டர் வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். தெருவின் பெயரும் எண்ணும் போதும். பாதுகாப்பு என்பீர்களா? 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவின் மீதிருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசே தளர்த்திவிட்டது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்துவிட்டது. நாடே கடித உறையில் எழுதி அனுப்பும் எண்ணில் ரகசியம் என்ன இருக்கிறது? சட்டம் என்றால், கேட்காமலே தாமாக வெளியிட வேண்டிய தகவல்களைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பேசுகிறது. முகவரி எழுதுவதற்கும் பின்கோடு பயன்பாட்டுக்கும் தரம் வகுக்கும் அதிகாரத்தை 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் மத்திய அரசுக்குத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது. அது 2024 ஜூனில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தரம் வகுக்கும் இடத்தில் இருப்பவர்கள் சரியான பட்டியல் தருவதும் தங்கள் வேலை என்று ஏற்க வேண்டும்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தகவல் உரிமை மனு போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். போடலாம்தான். பத்து ரூபாய் மனுவுக்குப் பதில் எழுத உங்கள் அலுவலகத்தில் ஒருவர் உட்கார வேண்டும், அந்தப் பதிலும் மனு போட்டவரின் பீரோவில்தான் போய்ச் சேரும். ஊருக்கெல்லாம் ஒரே தடவை சொல்லிவிடக்கூடிய ஒன்றுக்கு இந்தப் பாடு இரண்டு பக்கமும் எதற்கு?

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, உடனே செய்யக்கூடியது. எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு எந்தப் பின்கோட்டுக்குள் வருகிறது என்பது பொதுத் தகவல், கேட்பவருக்குச் சொல்லலாம் என்று பட்டுவாடா செய்யும் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தாம் தபால் கொடுக்கும் குடியிருப்புகளின் பெயர்களை ஒவ்வோர் அலுவலகமும் தன் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டட்டும். சுற்றறிக்கை ஒரு பக்கம், பலகையில் ஒட்டுவது ஒரு பக்கம், அதற்கு மேல் செலவு இல்லை.

அடுத்து, ஊர்வாரியான பட்டியலை இன்றைய மாவட்டங்களோடு புதிதாக வெளியிடுங்கள். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டும் வேண்டும். மாநிலத்தையும் மாவட்டத்தையும் பின்கோடுக்கு ஒன்று என்று போடாமல் குடியிருப்புக்கு ஒன்று என்று போடுங்கள். ஒரே பின்கோடு இரண்டு மாவட்டங்களில், இரண்டு அரசுகளின் கீழ்கூட வரலாம் என்பதை அந்தப் பட்டியலின் தலையிலேயே எழுதுங்கள். படிவம் செய்பவர்கள் அதையாவது படிப்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் உங்கள் வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வேண்டாம், கணினி படிக்கக்கூடிய கோப்பாக, எந்த உரிமத்தில் தரப்படுகிறது என்ற வரியோடு தாருங்கள்.

பின்கோடு மாறினாலோ, ஓர் அஞ்சலகம் இன்னொன்றோடு சேர்ந்தாலோ, பட்டுவாடா எல்லை நகர்ந்தாலோ பழைய எண், புதிய எண், தேதி மூன்றையும் ஒரே இடத்தில் அறிவியுங்கள். மக்கள் சொல்லும் திருத்தங்களும் அவற்றின் முடிவும் அதே இடத்தில் தெரியட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு அஞ்சல் கோட்டத்திலும் இந்த வேலைக்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரியை நியமியுங்கள். அவரிடம் நாங்கள் வெறுங்கையோடு வர மாட்டோம். பலகைகளிலிருந்து சேர்த்தவை, ஒரே தெருவில் முரண்படும் எண்கள், உங்கள் எல்லைக் கோடும் தபால்காரர் சொல்லும் எல்லையும் ஒத்துப்போகாத இடங்கள் எல்லாவற்றையும் இடக்குறிப்போடு தருகிறோம், காசு வேண்டாம். சரியா தவறா என்று அவர் குறித்துக் கொடுத்தால் போதும். விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் இதை மூன்று மாதத்துக்குள் தொடங்க முடியுமா, முடியாதென்றால் எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து ஒரு வரைபடத் தன்னார்வலர்